பேரப்பிள்ளைக்கு நீங்கதான் கார்டியனா? பேங்க்கும் சட்டமும் அப்படி நினைக்கலை!

டேர்ம் இன்ஷூரன்ஸ் பத்தின போன வீடியோவைப் பார்த்துட்டு திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. வயசு 62. மகனும் மருமகளும் பைக்ல போகும்போது லாரி மோதி, மகன் அங்கேயே இறந்துட்டார். மருமகள் மூணு நாள் ஐ.சி.யூ-ல இருந்து இறந்தாங்க. பேத்திக்கு எட்டு வயசு. இப்போ அப்பத்தாவும் பேத்தியும்தான் வீட்டுல.

"தம்பி, எம்மகன் பேங்க்ல போட்ட பணம் இருக்கு, எல்.ஐ.சி இருக்கு, பி.எஃப் இருக்கு. எல்லாம் இந்தப் புள்ளைக்குத்தானே. நான் போய்க் கேட்டா, நீங்க யாருன்னு கேக்குறாங்க. அவ பொறந்ததுல இருந்து நான்தான் வளக்குறேன், என்னைய யாருன்னு கேக்குறாங்க தம்பி"ன்னு அழுதாங்க.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பேங்க் மேனேஜர் கல்நெஞ்சக்காரர்னு நாம நினைப்போம். ஆனா அவர் சொன்னது சட்டப்படி சரி. பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டலாம், ஸ்கூலுக்கு அனுப்பலாம், ராத்திரி காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடலாம். இதுக்கெல்லாம் யாரும் ஆர்டர் கேட்க மாட்டாங்க. பிள்ளையோட பணத்தையோ சொத்தையோ தொடணும்னா மட்டும் தாத்தா, பாட்டிங்கிற உறவு போதாது.

சட்டம் யாரை கார்டியன்னு சொல்லுது?

இந்துக்களுக்கு 1956-ல வந்த இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம்தான் அடிப்படை. அதோட 6-வது பிரிவுப்படி இயற்கைப் பாதுகாவலர் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா. அந்த வரிசையில தாத்தாவும் இல்லை, பாட்டியும் இல்லை, சித்தப்பா, தாய்மாமனும் இல்லை.

ஒரு காலத்துல அம்மாவுக்கே இது பிரச்சினையா இருந்துச்சு. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பேர்ல ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனப்ப, அப்பா கையெழுத்து வேணும்னு திருப்பி அனுப்பினாங்க. அவங்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 1999-ல தீர்ப்பு வந்துச்சு: அப்பாவுக்குப் 'பிறகு'ன்னா அப்பா செத்த பிறகுன்னு மட்டும் அர்த்தம் இல்லை, அப்பா அந்தப் பொறுப்பை எடுக்காத நிலைமையிலும் அம்மா கார்டியன்தான். ஒரு ரிலீஃப் பாண்ட் விண்ணப்பத்துல தொடங்கி குடும்பச் சட்டமே மாறின கதை இது. பணமும் கார்டியன்ஷிப்பும் எவ்வளவு ஒட்டின விஷயம்னு இதுலயே தெரியும்.

தாத்தா பாட்டிக்கு அப்படி ஒரு தீர்ப்பும் வரலை. அவங்க சட்டபூர்வ கார்டியன் ஆக நேரான வழி ரெண்டுதான். ஒண்ணு, பிள்ளையோட அப்பாவோ அம்மாவோ உயில்ல "எங்களுக்குப் பிறகு இவங்கதான் கார்டியன்"னு எழுதி வச்சிருக்கணும். இல்லைன்னா கோர்ட் நியமிக்கணும்.

முஸ்லிம் குடும்பங்கள்ல நிலைமை கொஞ்சம் வேற. சன்னி முஸ்லிம் தனிச் சட்டப்படி அப்பா இல்லாதப்போ, அப்பா உயில்ல வேற யாரையும் நியமிக்கலைன்னா, அப்பாவோட அப்பா பிள்ளையின் சொத்துக்குச் சட்டபூர்வ கார்டியன். பிள்ளையைக் கூட வச்சு வளர்க்கிற உரிமையில, அம்மாவுக்கு அடுத்து அம்மாவோட அம்மா வர்றாங்க. இருந்தாலும் நடைமுறையில பேங்க்குகள் கோர்ட் ஆர்டர் கேட்கிறது உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்கள் நேரா 1890-ம் வருஷத்து காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின் கீழ் போகணும். இந்துக்கள் மனு போடுறதும் அந்தச் சட்டத்தின் கீழ்தான். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்னைக்கும் அதுதான் ஓடுது.

நோட்டரி பத்திரம் செல்லுமா?

செல்லாது. இதைத் தனியா சொல்லக் காரணம் இருக்கு. ஊர்ல நிறைய பேர் முத்திரைத்தாள் வாங்கி, "இந்தப் பிள்ளையை இனி தாத்தா பாட்டி பொறுப்பில் ஒப்படைக்கிறோம்"னு எழுதி, ரெண்டு சாட்சி போட்டு, நோட்டரி சீல் அடிச்சு பத்திரமா பீரோவுல வச்சிருக்காங்க. அது சொந்தக்காரங்க சண்டை போடாம இருக்க உதவலாம். பின்னாடி கோர்ட்ல "அம்மா வழிக் குடும்பத்துக்கும் சம்மதம்தான்"னு காட்ட ஒரு ஆதாரமாவும் ஆகலாம். ஆனா அதை வச்சு ஒருத்தர் கார்டியன் ஆக முடியாது.

இன்னும் ஆபத்தானது, "கார்டியன் தாத்தா"ன்னு போட்டுப் பிள்ளை பேர்ல இருக்கிற இடத்தை விக்கிறது. 1956 சட்டத்தோட 11-வது பிரிவு தெளிவா சொல்லுது: நடைமுறையில வளர்க்கிறவர்ங்கிற ஒரே காரணத்துக்காக யாரும் மைனரோட சொத்தை விக்கவோ கையாளவோ முடியாது. அப்படி வித்தா அந்தக் கிரயமே செல்லாது. வாங்கினவர் பத்து வருஷம் கழிச்சு ஹோம் லோனுக்குப் போனா, பேங்க் வக்கீல் முதல்ல தூக்கி எறியுற பத்திரம் இதுவாத்தான் இருக்கும். நீங்க இடம் வாங்குற பக்கம் இருந்தாலும் இதைக் கவனிங்க. தாய்ப் பத்திரத்துல தாத்தாவோ சித்தப்பாவோ மைனருக்காகக் கையெழுத்து போட்டிருந்தா, கோர்ட் ஆர்டர் காப்பி எங்கேன்னு கேளுங்க.

எந்தப் பணத்துக்கு ஆர்டர் வேணும், எதுக்கு வேண்டாம்?

இங்கதான் நிறைய குழப்பம். அந்த அம்மா விஷயத்தையே எடுத்துக்குவோம்.

முதல்ல பங்கு. மகன் உயில் எழுதலை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்துபோன ஆணோட முதல் வகுப்பு வாரிசு யார்னா மனைவி, பிள்ளைகள், அவரோட அம்மா. ஆமாங்க, அம்மாவும் சம வாரிசு (அப்பா இல்லை!). மகன் இறந்த நிமிஷத்துல அவர் சுயமா சம்பாதிச்ச சொத்து மூணு பங்காச்சு: மனைவிக்கு ஒண்ணு, மகளுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு. மூணு நாள் கழிச்சு மருமகள் இறந்ததும் அவங்க பங்கு முழுக்க மகளுக்குப் போச்சு. ஆகமொத்தம் பேத்திக்கு மூணுல ரெண்டு பங்கு, அப்பத்தாவுக்கு ஒரு பங்கு.

"எல்லாம் புள்ளைக்குத்தானே"ன்னு சொன்ன அந்த அம்மாவுக்கு, தானும் ஒரு வாரிசுன்னே தெரியாது. இதைச் சொன்னதும் "எனக்கு எதுக்குய்யா"ன்னாங்க. வேணுமா வேண்டாமாங்கிறது அவங்க முடிவு. ஆனா கோர்ட்ல இதை மறைக்கக் கூடாது. கார்டியனா வரப்போறவருக்கும் பிள்ளைக்கும் ஒரே சொத்துல பங்கு இருந்தா, நீதிபதி அதைக் கட்டாயம் பார்ப்பார். நாமளே முன்கூட்டிச் சொல்லிட்டா நம்பிக்கை வரும். எதிர்த்தரப்பு சொல்லித் தெரிஞ்சா சந்தேகம் வரும்.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இறந்து, யார் முதல்லன்னு தெரியலைன்னா? வயசுல சின்னவர்தான் கடைசியா இறந்தார்னு எடுத்துக்கணும்னு அதே சட்டத்தோட 21-வது பிரிவு சொல்லுது. அதனால இறப்புச் சான்றிதழ்ல தேதி சரியா இருக்கான்னு வாங்கின அன்னைக்கே பாருங்க. ஒரு நாள் மாறினா பங்கே மாறலாம்.

எல்.ஐ.சி பாலிசியில நாமினி மனைவி. 2015-ல இன்ஷூரன்ஸ் சட்டத்தைத் திருத்தினப்ப, மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினியா இருந்தா அந்தப் பணம் அவங்களுக்கே சொந்தம்னு ஆக்கினாங்க. அப்படிப்பட்ட நாமினி, பாலிசிதாரருக்குப் பிறகு ஆனா பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி இறந்தா, பணம் நாமினியோட வாரிசுக்குப் போகும். இங்க மருமகளோட வாரிசு மகள் மட்டும்தான். ஆக இந்தப் பாலிசிப் பணம் முழுக்க பேத்திக்கு. மூணு நாள் வித்தியாசத்துல கணக்கு எப்படி மாறுது பாருங்க. வாங்குறது மைனர்ங்கிறதால கோர்ட் நியமிச்ச கார்டியன் வேணும்.

இதே பாலிசியில மகளை நாமினியா போட்டு, அப்பத்தாவை 'அப்பாயிண்டி'ன்னு எழுதியிருந்தா? கோர்ட்டுக்கே போகாம அப்பத்தா கையில பணம் வந்திருக்கும். நாமினி மைனரா இருந்தா அவருக்காகப் பணம் வாங்குறவர் பேரை எழுத பாலிசி ஃபார்ம்லயே ஒரு கட்டம் இருக்கு. இது வரைக்கும் நான் பார்த்த பாலிசிகள்ல பாதிக்கு மேல அந்தக் கட்டம் காலியாத்தான் கிடக்கு.

பி.எஃப் விஷயத்துல கொஞ்சம் நல்ல செய்தி. பணம் நேரா மைனர் பிள்ளையோட பேங்க் கணக்குக்கே போகுதுன்னா கார்டியன்ஷிப் சான்றிதழ் கேட்டு நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு 2025 ஆகஸ்ட்ல இ.பி.எஃப்.ஓ தன் அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கு. மகன் வேலையில இருக்கும்போதே இறந்ததால இ.டி.எல்.ஐ இன்ஷூரன்ஸ் தொகையும் உண்டு, அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய். இதைப் பல குடும்பங்கள் கேட்கிறதே இல்லை. அப்புறம் அநாதைக் குழந்தை பென்ஷன். அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லாத பிள்ளைக்கு, விதவை பென்ஷன்ல 75 சதவீதம், மாசம் குறைஞ்சது 750 ரூபாய், 25 வயசு வரைக்கும் வரும். சின்னத் தொகைதான். ஆனா பதினேழு வருஷம் வரும்.

ஆனா பிள்ளைக்கு பேங்க் கணக்கு யார் திறக்கிறது? பத்து வயசு முடிஞ்ச பிள்ளைன்னா தானே கையெழுத்து போட்டு கணக்கு திறந்து, பேங்க் வைக்கிற வரம்புக்குள்ள நடத்தலாம்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. 2025-ல அதைப் புதுப்பிச்சாங்க. அதுக்குக் கீழன்னா இயற்கை அல்லது சட்டபூர்வ கார்டியன் மூலமாத்தான். எட்டு வயசுப் பேத்திக்கு மறுபடியும் அதே கோர்ட் ஆர்டர். அப்பா இருக்கும்போதே பிள்ளை பேர்ல ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து வச்சிருந்தா எவ்வளவு வேலை மிச்சம்!

விபத்து இழப்பீட்டு வழக்குக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். மைனர் சார்பா வழக்கு போட கார்டியன் ஆர்டர் தேவையில்லை. பிள்ளையோட நலனுக்கு எதிரா எந்த ஆதாயமும் இல்லாத, நல்ல மனநிலையில இருக்கிற எந்தப் பெரியவரும் 'அடுத்த நண்பர்'ங்கிற பேர்ல போடலாம். இறந்தவரோட அம்மாங்கிற முறையில அப்பத்தாவே ஒரு மனுதாரர், பேத்தி இன்னொரு மனுதாரர். 2022 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்த திருத்தப்படி விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு ஒரு கெடு மோட்டார் வாகனச் சட்டத்துல இருக்கு. அதனால கார்டியன்ஷிப் முடியட்டும், பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், வருஷத் திதி முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க. பிள்ளையோட பங்குத் தொகையைப் பொதுவா தேசியமய வங்கியில 18 வயசு வரைக்கும் டெபாசிட் போடச் சொல்லுவாங்க. வட்டியை மூணு மாசத்துக்கு ஒரு தடவை வளர்க்கிறவர் எடுத்துக்க அனுமதி வேணும்னு மனுவுலயே கேளுங்க. கேட்காம விட்டா வட்டியும் அதுலயே சேர்ந்துக்கிட்டே இருக்கும், நீங்க ஸ்கூல் ஃபீஸுக்குக் கடன் வாங்கிட்டு இருப்பீங்க.

சுகன்யா சம்ரிதி, மியூச்சுவல் ஃபண்ட் ரெண்டுக்கும் ஒரே பதில்தான்: அப்பா அம்மா, இல்லைன்னா கோர்ட் நியமிச்ச கார்டியன். ஒரு காலத்துல போஸ்ட் ஆபீஸ்ல தாத்தா பாட்டிகள் ஆசையா போய் பேத்திக்கு சுகன்யா கணக்கு திறந்துட்டு வந்தாங்க. 2024 அக்டோபர் 1-ல இருந்து அந்தக் கணக்குகளை எல்லாம் பெற்றோர் அல்லது சட்டபூர்வ கார்டியன் பேருக்கு மாத்தணும்னு மத்திய நிதி அமைச்சகம் வழிகாட்டுதல் போட்டுச்சு. உங்க வீட்டுல அப்படி ஒண்ணு இருந்தா, பெத்தவங்க நல்லா இருக்கும்போதே மாத்திடுங்க. பேத்திக்குப் பணம் கட்டணும்னு ஆசைன்னா பெத்தவங்க கையில கொடுத்துக் கட்டச் சொல்லுங்க. பாசம் அதுலயும் போகும்.

அப்பாவோ அம்மாவோ உயிரோட இருந்தா?

இதுதான் கஷ்டமான இடம். இங்க நான் இனிப்பா பேசப் போறதில்லை.

மகள் இறந்துட்டா, மாப்பிள்ளை மறு கல்யாணம் பண்ணிக்கிட்டார், பேரனை நாங்கதான் வளர்க்கிறோம், இப்போ திடீர்னு வந்து கேக்குறார். இப்படி எத்தனை வீடு. 1890 சட்டத்தோட 19-வது பிரிவுப்படி, உயிரோட இருக்கிற அப்பாவோ அம்மாவோ தகுதியில்லாதவர்னு கோர்ட் கருதினால் ஒழிய, பிள்ளைக்கு வேற கார்டியனை நியமிக்க முடியாது. மறுமணம் மட்டுமே தகுதியிழப்பு ஆகாது. உச்ச நீதிமன்றம் 2025-லயும் ஒரு வழக்குல, தாத்தாவை விட இயற்கைக் கார்டியனான அப்பாவுக்குத்தான் முதல் உரிமைன்னு பிள்ளையை அப்பாகிட்ட கொடுத்துச்சு.

அப்போ வழியே இல்லையா? இருக்கு. 1956 சட்டத்தோட 13-வது பிரிவு, பிள்ளையோட நலன்தான் எல்லாத்துக்கும் மேலன்னு சொல்லுது. பெரியவங்களோட உரிமை அதுக்குக் கீழதான். 2009-ல ஒரு வழக்கு. பிரசவத்துல அம்மா இறந்துட்டாங்க, அம்மாச்சி பிறந்ததுல இருந்து வளர்த்தாங்க, அப்பா பின்னாடி வந்து கேட்டார். பிள்ளை வளர்ந்த சூழல், அப்பாவோட பொருளாதார நிலை எல்லாத்தையும் பார்த்து உச்ச நீதிமன்றம் அம்மாச்சிகிட்டயே விட்டுச்சு.

ரெண்டு பக்கத்து உறவும் மோதிக்கிட்டா? 2021 கொரோனா ரெண்டாவது அலையில அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்த ஒரு பையன். அம்மாவோட சகோதரி அரசு வேலையில இருக்காங்க, வயசு கம்மி, கூட்டுக் குடும்பம்னு சொல்லி குஜராத் உயர் நீதிமன்றம் பையனை அவங்ககிட்ட கொடுத்துச்சு. அப்பா வழித் தாத்தாவுக்கு வயசு 71. அவர் உச்ச நீதிமன்றம் போனார். வருமானம், வயசு, குடும்பத்தோட அளவு இதை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு சொல்லி 2022-ல பையனைத் தாத்தா பாட்டிகிட்டயே ஒப்படைச்சாங்க. "எனக்கு வயசாச்சு, பென்ஷன் மட்டும்தான், கோர்ட்ல என்னை மதிப்பாங்களா"ன்னு தயங்குறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

கோர்ட் பார்க்கிறது பிள்ளை இப்போ எங்க, எவ்வளவு நாளா இருக்கு, எந்த ஸ்கூல், யார் கவனிக்கிறாங்க, வளர்க்கப்போறவரோட குணமும் தெம்பும் எப்படி, இறந்துபோன பெற்றோர் ஏதாவது விருப்பம் சொல்லியிருக்காங்களா, புரிஞ்சு சொல்ற வயசுன்னா பிள்ளை என்ன சொல்லுது. அதனால ஸ்கூல் ஃபீஸ் ரசீது, தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, பேரன்ட்ஸ் மீட்டிங்ல நீங்க போட்ட கையெழுத்து, எதையும் தூக்கிப் போடாதீங்க. பிள்ளையைப் பார்க்கவே விடமாட்டேங்கிறாங்கன்னா, வளர்க்கிற உரிமை கேட்காம, வாரத்துல ஒரு நாள் பார்க்க அனுமதி கேட்டும் மனு போடலாம். தாத்தா பாட்டிக்குன்னு தனியா சட்டப்பிரிவு இல்லைன்னாலும், பிள்ளைக்கு நல்லதுன்னு தோணினா கோர்ட் கொடுக்குது.

மகனோ மகளோ துபாய், சிங்கப்பூர்ல வேலைக்குப் போய், பிள்ளையை உங்ககிட்ட விட்டிருந்தா கார்டியன்ஷிப் மனுவே தேவையில்லை. பெத்தவங்க அங்க இருந்தே கார்டியன்தான். ஸ்கூலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரு அங்கீகாரக் கடிதம் வாங்கி வச்சுக்குங்க, பேங்க் வேலையை அவங்களே ஆன்லைன்ல பார்க்கட்டும்.

தத்து எடுத்துட்டா?

நிறைய பேர் கேக்குறாங்க, "பேசாம நானே தத்து எடுத்துட்டா என்ன?" இந்துத் தத்தெடுப்புச் சட்டம் 1956-ல ஒரு வேடிக்கை இருக்கு. பெண் பிள்ளையைத் தத்து எடுக்கிறவருக்கு ஏற்கெனவே மகளோ மகன் வழிப் பேத்தியோ இருக்கக் கூடாது. அப்பத்தாவுக்கு மகன் வழிப் பேத்தி இருக்கா? இருக்கு, தத்து எடுக்கப்போற அதே பிள்ளை! அங்கேயே கதவு மூடிடுது. சிறார் நீதிச் சட்டம் 2015-ன் கீழ் உறவினர் தத்தெடுப்புன்னு வேற வழி இருக்கு. அதுல 'உறவினர்'ங்கிற பட்டியல்ல தாத்தா பாட்டி உண்டு. 2022 செப்டம்பர்ல இருந்து ஆர்டர் போடுறது மாவட்ட ஆட்சியர். ஆனா பணத்தைக் கையாளவும் வளர்க்கவும் மட்டும்தான் அதிகாரம் வேணும்னா கார்டியன்ஷிப்பே போதும்ங்கிறது என் கருத்து. அப்பா பேரை மாத்துற அளவுக்குப் போக வேண்டியதில்லை.

கோர்ட்ல என்ன நடக்கும்?

வக்கீல்கள் இதை ஜி.டபிள்யூ.ஓ.பி-ன்னு சொல்லுவாங்க. பிள்ளை வழக்கமா வசிக்கிற ஊர் எந்த நீதிமன்ற எல்லையில வருதோ அங்க மனு. பிள்ளையை வளர்க்கிற பொறுப்புக்கு, குடும்ப நீதிமன்றம் இருக்கிற இடத்துல அங்க. சொத்துக்கு மாவட்ட நீதிமன்றம். சென்னையில உயர் நீதிமன்றத்தோட அசல் பிரிவுக்கும் அதிகாரம் உண்டு. மனுவுல "பிள்ளைக்கும், பிள்ளையின் சொத்துக்கும்"னு ரெண்டையும் கேக்கணும். ஒண்ணை விட்டுட்டா, ஆர்டரைக் கையில வச்சுக்கிட்டே பேங்க்ல மறுபடி நிக்க வேண்டி வரும்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பிள்ளையோட பிறப்புச் சான்றிதழ், ஸ்கூல் சான்று, சொத்து விவரம், ரெண்டு சாட்சி கையெழுத்தோட உங்க சம்மதப் பத்திரம் இதெல்லாம் கேப்பாங்க. நெருங்கின உறவுக்கு நோட்டீஸ் போகும். மற்ற தாத்தா பாட்டிகிட்ட ஆட்சேபணை இல்லைன்னு முன்னாடியே எழுதி வாங்கிட்டா பாதி வேலை முடிஞ்சது.

வயசு விஷயத்துல ஒரு யோசனை. 62-ல கார்டியன் ஆனா பேத்திக்கு 18 ஆகும்போது 72. சட்டம் ஒருத்தருக்கு மேல கூட்டுக் கார்டியன்களை அனுமதிக்குது. ஒருத்தர் இறந்தா மத்தவர் தொடருவார். சித்தப்பாவையோ தாய்மாமனையோ கூடச் சேர்த்துக்கிட்டா, உங்களுக்கு ஏதாவது ஆனா பிள்ளை மறுபடி கோர்ட் படி ஏற வேண்டாம். தாத்தா பாட்டி தன் உயில்ல "எனக்குப் பிறகு இவர் கார்டியன்"னு எழுதினா அது செல்லாது, அந்த அதிகாரம் பெத்தவங்களுக்கு மட்டும்தான்.

வக்கீல் ஃபீஸை நினைச்சுப் பயப்படுறவங்களுக்கு: சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987 படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மனுதாரர் பாட்டின்னா தகுதி வந்துடுச்சு. மாவட்ட நீதிமன்ற வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும், போன் 15100.

ஆர்டர் வந்த பிறகு

கார்டியன்னா முதலாளி இல்லை, கணக்குப்பிள்ளை. கோர்ட் உத்தரவு போட்டா, ஆறு மாசத்துக்குள்ள பிள்ளையோட சொத்து, பணம், கடன் எல்லாத்துக்கும் பட்டியல் கொடுக்கணும். கோர்ட் அனுமதி இல்லாம இடத்தை விக்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, அஞ்சு வருஷத்துக்கு மேல குத்தகைக்கு விடக் கூடாது. பிள்ளைக்கு அவசியம் அல்லது தெளிவான லாபம்னு காட்டினாத்தான் அனுமதி.

பேத்தி பணத்தை உங்க கணக்குல கலக்காதீங்க. ஒரு நோட்டு போட்டு எழுதுங்க. பேங்க் டெபாசிட் இன்ஷூரன்ஸ் 5 லட்சம்தான், ஆனா நீங்க கார்டியனா வச்சிருக்கிற டெபாசிட் உங்க சொந்த டெபாசிட்டோட சேர்த்துக் கணக்காகாது. வரியிலயும் ஒரு விஷயம்: மைனரோட வட்டி வருமானம் பெத்தவங்க வருமானத்தோட சேரும். பெத்தவங்க ரெண்டு பேரும் இல்லைன்னா அது உங்க பென்ஷனோட சேராது. பிள்ளை பேர்லயே பான் எடுத்து, தேவைப்பட்டா நீங்க பிரதிநிதியா கையெழுத்து போட்டுத் தாக்கல் பண்ணணும். ஆடிட்டர் சேர்த்துப் போட்டுட்டார்னா திருத்தச் சொல்லுங்க.

செலவுக்கு அரசு உதவியும் கேளுங்க. மத்திய அரசோட மிஷன் வாத்சல்யாவுல நிதி ஆதரவு மாசம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்துல 72,000, மத்த இடங்கள்ல 96,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். தமிழக அரசு 2025 செப்டம்பர்ல தொடங்கின அன்புக் கரங்கள் திட்டத்துல மாசம் 2,000 ரூபாய், 18 வயசு வரைக்கும். ரெண்டுக்கும் போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துலயே இருக்கும். இதுக்கு கோர்ட் ஆர்டருக்காகக் காத்திருக்காதீங்க, இன்னைக்கே போய் விசாரிங்க.

அந்த திண்டுக்கல் அம்மா போன வாரம் மறுபடி பேசினாங்க. முதல்ல அம்மாச்சி வீட்டுல கோபம், "எங்க புள்ளையோட பணத்தை நீங்க வச்சுக்கவா"ன்னு. இப்போ ரெண்டு குடும்பமும் உக்காந்து பேசி, வளர்க்கிறது அப்பத்தா, சொத்துக்கு அப்பத்தாவும் தாய்மாமனும் கூட்டுக் கார்டியன்னு இலவச சட்ட உதவி மூலமா மனு போட்டிருக்காங்க. விபத்து இழப்பீட்டு மனுவும் கெடுவுக்குள்ள போயிடுச்சு. "ஜட்ஜு அம்மா புள்ளைய வரச் சொல்லியிருக்காங்களாம் தம்பி, என்ன கேப்பாங்க?"ன்னாங்க. பேர் என்ன, எந்த ஸ்கூல், யார் கூட இருக்கப் புடிக்கும்னு கேப்பாங்க, எதையும் சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டுப் போகாதீங்கன்னு சொல்லி வச்சேன்.